பச்சை குடமிளகாயா கலர் குடமிளகாயா, ஒரு சீசன் முழுக்க மாத்தி மாத்தி சமைச்சதுல தெரிஞ்சது

ஐப்பசி பாதில ஆரம்பிச்சு தை வரைக்கும் எங்க குடியாத்தம் பக்கம் குடமிளகாய்க்கு பஞ்சமே இருக்காது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவுல பலமநேர், வி.கோட்டா எல்லாம் மேட்டு பூமி, ராத்திரி நல்லா குளிரும், இந்தச் செடிக்கு அதுதான் வேணும், ராத்திரி சூடு ஏறிச்சுன்னா பூவெல்லாம் கொட்டிடும். அங்க விளையறது மலை இறங்குனா நேரா எங்க ஊர்தான், அதனால காய் வாடாம வந்து சேரும். அவங்க அதை தெலுங்குல புட்ட மிரபகாயன்னு சொல்வாங்க, புட்டன்னா கூடை, நமக்கு குடம் அவங்களுக்கு கூடை, வடக்க போனா சிம்லா மிர்ச்சியாம், ஆளுக்கொரு பேரு.

வழக்கமா நாங்க வாங்கறது பச்சைதான். சிவப்பு மஞ்சள் எல்லாம் கடைல விலை கேட்டுட்டு அப்படியே கத்தரிக்காய் பக்கம் நகர்ந்துடறது. போன வருஷம் என்னாச்சுன்னா கூடப் படிச்ச ஒருத்தன் ஓசூர் பக்கம் பாலிஹவுஸ், அதான் பிளாஸ்டிக் ஷீட் போட்ட கூடாரத்துக்குள்ள விவசாயம், போட்டிருக்கான், "ஷேப்பு கோணலா இருக்குன்னு கழிச்சுட்டாங்கடா, தூக்கிப் போட மனசு வரல, நீ எடுத்துக்கோ"ன்னு ஒரு பெட்டி நிறைய சிவப்பும் மஞ்சளுமா குடுத்து விட்டான், அதுக்கப்புறமும் ரெண்டு மூணு தடவை வந்துச்சு. எங்க வீட்ல சமையல் நான்தான், வீட்டுக்காரம்மாவுக்கு காலைல வேலூர் பஸ், பொண்ணுக்கு ஸ்கூல் வேன், ஏழரைக்குள்ள ரெண்டு டப்பா ரெடியாகணும். ஸோ ஒரே சீசன்ல அதே பொரியலை ஒரு நாள் பச்சைல, ஒரு நாள் சிவப்புல, ஒரு நாள் கலந்துன்னு செஞ்சு பாக்கற வாய்ப்பு தானா கிடைச்சுது. முதல்லயே சொல்லிடறேன், நான் பச்சை கட்சி. ஓசில வந்த சிவப்பை வச்சுக்கிட்டே பச்சையை காசு குடுத்து வாங்குனவன்.

எல்லாருக்கும் தெரிஞ்சதை சட்டுனு முடிச்சுடறேன். பாக்க கலர்தான் அழகு, சந்தேகமே இல்ல. விலைல பச்சை ஜெயிக்கும், நான் பாத்தவரைக்கும் கலர் எப்பவும் ரெண்டு மூணு மடங்கு. வைட்டமின் சி பாத்தா 100 கிராம் பச்சைல 80 மில்லிகிராம் சொச்சம், சிவப்புல 125க்கு மேல, மஞ்சள்ல இன்னும் ஜாஸ்தி, ஆனா அது வேக வைக்காம கடிச்சு சாப்ட்டா, நம்ம வாணல்ல போட்டு வறுத்தா அதுல கொஞ்சம் போயிடும், அதனால அதுக்காக மட்டும் யாரும் கலர் வாங்க வேணாம்.

இன்னொண்ணு, சிவப்பு தனி ஜாதி பச்சை தனி ஜாதின்னு நிறைய பேர் நினைக்கறாங்க. அப்படி இல்ல, பச்சைங்கறது பழுக்காத காய், செடிலயே விட்டா ரகத்தைப் பொறுத்து சிவப்பாவோ மஞ்சளாவோ மாறும். நாத்து நட்டு 55, 60 நாள்ல பச்சையா பறிக்கலாம், மஞ்சளாக 70, 75 நாள், சிவப்புக்கு 80, 90 நாள் ஆகும், அத்தனை நாள் காயை பூச்சி கடிக்காம வெயில் சுடாம செடில காப்பாத்தணும், விலை வேற எப்படி இருக்கும். அடில மூணு மடிப்பு இருந்தா ஆண், நாலு இருந்தா பெண்ணுன்னு ஒரு கதை வாட்சப்ல வருஷா வருஷம் சுத்தும், அது சுத்த டூப்பு, காய்ல ஆணும் கிடையாது பெண்ணும் கிடையாது.

இப்ப விஷயத்துக்கு வரேன். எனக்கு எல்லாத்தையும் முடிவு பண்ணது ஒரே ஒரு சமாச்சாரம்தான். தண்ணி.

ரெண்டுலயும் தண்ணி கிட்டத்தட்ட ஒரே அளவுதான், 100 பங்குல 90க்கு மேல தண்ணிதான். ஆனா பச்சை அதை பிடிச்சு வச்சுக்கும், பழுத்தது விட்டுடும். காய் பழுக்கப் பழுக்க உள்ள சதை இளகிடுது இல்ல, தக்காளி மாதிரிதான், செங்காய் தக்காளியை வதக்கறதுக்கும் நல்லா பழுத்ததை வதக்கறதுக்கும் வித்தியாசம் நமக்கு தெரியாதா. பாலிஹவுஸ் காய் வேற சதை மொத்தமா இருக்கும், நறுக்கும்போது கைக்கு நல்லா இருக்கும், வாணல்ல போட்டா அஞ்சு நிமிஷத்துல அடில குளம் கட்டிடும். ஒரு நாள் சும்மா இருக்காம ரெண்டையும் ஒரே அளவு எடுத்து ஒரே மாதிரி நறுக்கி ஒரே வாணல்ல ஒண்ணுக்கு பின்னாடி ஒண்ணா வதக்கி வடிகட்டிப் பாத்தேன், பச்சைல ஒரு ஸ்பூன் கூட தேறல, சிவப்புல சின்ன டம்ளர்ல கால் பாகம் வந்துடுச்சு. வீட்டுக்காரம்மா "இது என்ன ஸ்கூல் லேபா"ன்னு கேட்டுட்டு போயிட்டாங்க.

சரி தண்ணி விட்டா என்ன, சுண்ட விட வேண்டியதுதானேன்னு தோணும். அங்கதான் மாட்டறோம். சிவப்புல சர்க்கரை பச்சையை விட ரெண்டு மடங்குக்கு கொஞ்சம் கம்மி, 100 கிராம்ல 4 கிராம் சொச்சம், பச்சைல ரெண்டரைக்குள்ள. தண்ணி சுண்டறவரைக்கும் தீயை ஏத்தி வச்சா அந்த சர்க்கரை அடி பிடிச்சு ஓரமெல்லாம் கருகிடும், அதுக்குள்ள நடுவுல இருக்கறது கொழகொழன்னு ஆகி தோல் தனியா சுருண்டு பிளாஸ்டிக் மாதிரி பல்லுல மாட்டும். தீயைக் குறைச்சா தண்ணி நிக்கும். ஏத்துனா கருகும். பச்சைல இந்த ரோதனையே இல்ல.

இது எதுல பளிச்சுன்னு தெரியும்னா செனகபிண்டி கூரா, அதாவது கடலமாவு தூவுன பொரியல். எங்க தெருவுல ஒரு அக்கா, பூர்வீகம் பலமநேர் பக்கம், அவங்ககிட்ட கத்துக்கிட்டது. நாலு காய் போதும், விதை எடுத்துட்டு அரை விரல் அகலத்துக்கு நறுக்கிக்கணும். நாலு ஸ்பூன் கடலமாவை எண்ணெய் இல்லாம சின்ன தீல பச்ச வாசனை போற வரைக்கும் தனியா வறுத்து வச்சிடணும். அப்புறம் அகல வாணல்ல கடலெண்ணெய், கடுகு, சீரகம், தட்டுன பூண்டு, கறிவேப்பிலை, காயைப் போட்டு பெரிய தீல மூடாம நாலு அஞ்சு நிமிஷம் பிரட்டி, மஞ்சத்தூள் மிளகாத்தூள் போட்டு, மாவைத் தூவி, சின்ன தீல உதிரியா ஒட்டற வரைக்கும் பிரட்டணும், உப்பு கடைசில மாவோட. முதல் தடவை நான் காயோடவே உப்பைப் போடப் போனேன், அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டாங்க, "இப்பவே உப்பு போட்டா கூரா ஆவாது தம்பி, புலுசு ஆயிடும்", புலுசுன்னா குழம்பு. அவங்க சொன்னது நூத்துக்கு நூறு. பச்சைல அந்த மாவு காய் மேல முறுமுறுன்னு ஒட்டும், காயோட லேசான கசப்புக்கும் கடலமாவுக்கும் அப்படி ஒரு பொருத்தம், ரசம் சாதத்துக்கு இதுக்கு மேல ஒண்ணும் வேணாம். சிவப்புல செஞ்ச அன்னிக்கு மாவெல்லாம் ஊறி பஜ்ஜி மாவு கரைச்ச மாதிரி திட்டு திட்டா நின்னுச்சு, உப்பை கடைசில போட்டும்தான்.

டப்பாவுக்கு குடமிளகாய் சாதமும் அதே கதைதான். காஞ்ச மிளகாய், தனியா, கடலப்பருப்பு, வேர்க்கடலை, கொஞ்சம் எள்ளு வறுத்து கரகரன்னு பொடிச்சு, வதக்குன காயோட பொடியையும் ஆற வச்ச சாதத்தையும் போட்டு கிளறுவோம். காலைல ஏழு மணிக்கு கட்டுனா அவங்க சாப்பிடறது ஒண்ணரைக்கு. பச்சை போட்டா ஒண்ணரைக்கும் சாதம் உதிரியா இருக்குமாம். சிவப்பு போட்ட அன்னிக்கு பொண்ணு டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டு வந்துச்சு, "அப்பா சாதம் நொசநொசன்னு இருக்கு, ஸ்வீட்டா வேற இருக்கு". இத்தனைக்கும் கலர் கலரா இருந்தா பசங்க சாப்பிடுவாங்கன்னுதான் போட்டது.

ஸ்டஃப் பண்றதுக்கு, அதாவது உள்ள வேர்க்கடலைப் பொடியோ உருளைக்கிழங்கு மசாலாவோ வச்சு வேக வைக்கறதுக்கு, எனக்கு வெளில வயல்ல விளைஞ்ச சின்ன பச்சைதான். ஒரு ஆளுக்கு ஒரு காய், எலுமிச்சையை விட கொஞ்சம் பெருசு, தோசைக்கல்லுல எண்ணெய் விட்டு மூடி வச்சு திருப்பித் திருப்பி விட்டா உள்ளயும் வெந்துடும் வெளில கருகல் புள்ளியும் வரும். பாலிஹவுஸ் காய் ஒண்ணு கால் கிலோ இருக்கு, அதை எப்ப வேக வைக்கறது எப்படி பரிமாறறது. ஓவன்ல வச்சா அதுதான் சரியா வரும்னு மச்சினிச்சி சொல்லுது, அவங்க வீட்ல ஒரு தடவை சாப்ட்டேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஒரே தடவை சாப்ட்டதை வச்சு நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன், எங்கிட்ட ஓவனும் இல்ல.

சிவப்பை ஒரேயடியா மட்டம் தட்டறேன்னு நினைக்காதீங்க. அது ஜெயிக்கற இடம் ஒண்ணு இருக்கு, அங்க பச்சை கிட்டயே வர முடியாது. பச்சடி. நம்ம தயிர் பச்சடி இல்ல, ஆந்திரா பச்சடி, துவையல் மாதிரி. சிவப்பு காய் மேல எண்ணெய் தடவி கேஸ் தீல நேரடியா காட்டி தோல் முழுக்க கருப்பாகற வரைக்கும் சுட்டு, ஒரு பாத்திரத்துல போட்டு பத்து நிமிஷம் மூடி வச்சா தோல் வெங்காயச் சருகு மாதிரி கழண்டு வரும். காஞ்ச மிளகாய், உளுத்தம்பருப்பு, பூண்டு, நெல்லிக்காய் அளவு புளி, உப்பு, இதை முதல்ல அரைச்சுட்டு கடைசில சுட்ட காயைப் போட்டு ஒரு சுத்து. இங்க தண்ணி விட்டா நல்லதுதான், அரைக்க தனியா தண்ணி ஊத்த வேணாம், அந்த இனிப்பும் புளிப்பும் சேந்து சூடு சாதத்துல நெய் விட்டு சாப்ட்டா... என் மாமனார் எதையும் பாராட்டாத மனுஷன், ரெண்டாவது தடவை கேட்டு வாங்குனாரு. பச்சையைச் சுட்டும் அரைச்சுப் பாத்தேன், கசப்பு தூக்கிடுது, பாதி தக்காளி சேத்தாதான் வாய்ல வைக்க முடியுது.

கொத்சு ரெண்டுங்கெட்டான். பொங்கலுக்கு பண்ற கொத்சுல புளி ஊத்துனதும் பச்சைக் காய் மிலிட்டரி கலருக்கு போயிடும், புளிப்பு பட்டா அந்தப் பச்சை நிக்காது, சிவப்பு மஞ்சள் அப்படியே நிக்கும். ருசின்னு பாத்தா பாதிக்குப் பாதி போட்டது நல்லா இருந்துச்சு, சிவப்பு சேத்தா வெல்லம் போடறதை விட்டுடுங்க, இல்லன்னா பாயசம். சாம்பார்ல எனக்கு பச்சைதான் பழக்கம், கலர்ல ஒரு தடவைதான் வச்சேன், அதனால அதைப் பத்தி பெருசா சொல்றதுக்கு இல்ல. வெள்ளரிக்காயோட வேக வைக்காம நறுக்கி உப்பு மிளகு போட்டு கொறிக்கறதுக்கு மஞ்சள்தான், பொண்ணு அதை மட்டும் கேக்காமலே எடுத்துக்கும்.

ஒரு கூத்தும் பண்ணேன். ஆம்பூர் பக்கத்துல இருந்துக்கிட்டு பிரியாணிக்கு கத்தரிக்காய் இல்லாம இருக்கக் கூடாது, அன்னிக்கு கத்தரிக்காய் தீந்து போச்சுன்னு அந்த தொக்கை சிவப்பு குடமிளகாய்ல வச்சேன். யாரும் ஒண்ணும் சொல்லல. யாரும் ரெண்டாவது கரண்டி போட்டுக்கவும் இல்ல.

வாங்கும்போது காம்பைப் பாருங்க, பச்சையா கிண்ணுன்னு இருக்கணும், காம்பு கருத்திருந்தா உள்ள பூஞ்சை ஓடியிருக்கலாம், சிவப்புல இது அடிக்கடி. கழுவாம நியூஸ்பேப்பர்ல சுத்தி ஃப்ரிட்ஜ்ல கீழ் டப்பால வச்சா பச்சை எனக்கு பத்து நாள் தாங்குது, சிவப்பு ஆறு ஏழு நாள்ல சுருங்க ஆரம்பிச்சுடுது, நறுக்குனதுன்னா ரெண்டே நாள்ல பிசுபிசுப்பு. இந்த வாரம் சந்தைல பச்சை கிலோ 50க்கு குடுத்தாங்க, ஒண்ணரை கிலோ எடுத்தேன், கூடவே சிவப்பு ரெண்டே ரெண்டு. அது ஞாயித்துக்கிழமை பச்சடிக்கு, மாமனார் வரேன்னு சொல்லியிருக்காரு.