எஸ்.டபிள்யூ.ஆர். முள்ளைக் காட்டி ஆண்டெனா விற்கிறார்கள், உஷார்!

கோலாலம்பூர் பசார் ரோட்டில் ஹேம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) சாமான் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். இரண்டரை மீட்டர் வெர்ட்டிக்கல் ஆண்டெனா, 650 வெள்ளி (ரிங்கிட்). "40 மீட்டர் பேண்டுக்கு ஃபுல் சைஸும் இதும் ஒண்ணுதான் அண்ணே" என்றார் கடைக்காரர். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை மாட்டியும் காட்டினார்; பவர் ஆண்டெனாவில் ஏறாமல் எவ்வளவு திரும்பி வருகிறது என்று சொல்லும் மீட்டர் அது, 1.0 என்றால் எதுவும் திரும்பவில்லை. 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை முள் 1.2-ஐத் தாண்டவே இல்லை.

சூதே அங்குதான். குட்டி ஆண்டெனா ஒழுங்காக வேலை செய்தால் அதன் பேண்ட்வித் (முள் ஏறாமல் இருக்கும் அலைவரிசை வீச்சு) குறுகலாகத்தான் இருக்கும். கொஞ்சம் நகர்ந்தாலே முள் ஏறும். ஏறவில்லை என்றால் பவர் உள்ளேயே சூடாகிப் போகிறது என்று அர்த்தம். பவரை முழுக்கச் சூடாக்கிவிடும் சோதனை ரெசிஸ்டரான டம்மி லோடுகூட 1.0 காட்டும், யாருக்காவது கேட்குமா?

7.1 மெகாஹெர்ட்ஸில் ஃபுல் சைஸ் வெர்ட்டிக்கல் என்றால் கால் அலைநீளம், ஏறக்குறைய 10 மீட்டர். அந்த உயரத்தில் கதிர்வீச்சுத் தடை, அதாவது பவரை அலையாக வெளியே அனுப்பும் பங்கு, 36 ஓம். இரண்டரை மீட்டருக்குக் குறைத்தால் ஒன்றிரண்டு ஓம்தான் தேறும். காயிலும் (கம்பிச்சுருள்) தரையும் சேர்ந்து 15 ஓம் தின்றால், 100 வாட்டில் 10 வாட் வெளியே போவதே பெரிது. இது இயற்பியல், கடைக்காரர் வாய்ஜாலத்துக்கு மசியாது.

செந்தூல் வீட்டுக் கொல்லையில், தரையில் பரப்பிய அதே ரேடியல் கம்பிகளின் மேல், ஃபைபர் தூண்டில் கழியில் 10 மீட்டர் கம்பியையும் வாங்கி வந்த குட்டியையும் மாற்றி மாற்றி ஏற்றினேன். சாயங்காலம், சென்னை நண்பர் மறுமுனையில். கம்பியில் சிக்னல் பலம் எஸ் 7, நன்றாகவே கேட்கிறது. குட்டியில், "இருக்கீங்களா?" என்று கேட்கிறார் மனிதர். அடிப்பெட்டியைத் தொட்டால் சுட்டது, கருகல் வாடை வேறு. திருகாணியைக் கழற்றிப் பார்த்தால் தலைமுடி மாதிரி எனாமல் கம்பிச் சுற்று, பக்கத்தில் ஓரம் கறுத்த சிமெண்ட் ரெசிஸ்டர். முள்ளைப் படுக்க வைத்தது அதுதான்!

திருப்பிக் கொடுக்கப் போனால், "பிரிச்சிட்டீங்க, வாரண்டி போச்சு" என்று பதில்.

குட்டி ஆண்டெனா எல்லாமே மோசமில்லை. தடித்த கம்பிக் காயில், மேலே கெப்பாசிட்டி ஹேட் (உச்சியில் குடைபோல் விரியும் கம்பிகள்), கீழே நிறைய ரேடியல் இருந்தால் பிளாட்வாசிகளுக்கு அது போதும். ஆனால் வாங்குமுன் அடிமூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ரசீதில் மாடலையும் '40 மீட்டர்' என்பதையும் எழுதி வாங்குங்கள். ஏமாந்தவர்கள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம்: கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். நான் போட்டுவிட்டேன்.