எஸ்ஓபி எழுத உதவி: கன்சல்டன்சியா, காசுக்கு எழுதறவங்களா, சீனியரா, சாட்ஜிபிடியா?

போன வருஷம் எங்க சித்தி பொண்ணு அமெரிக்காவுக்கு எம்எஸ் அப்ளை பண்ணா. ட்ரிபிள்ஈ, ஈரோடு பக்கம் ஒரு தனியார் காலேஜ், சிஜிபிஏ 8.4. சித்தப்பா பள்ளிபாளையத்துல எட்டு தறி ஓட்டறாரு. நான் அங்க எம்எஸ் முடிச்சவன்ங்கறதால "அண்ணங்கிட்ட கேளு"ன்னு சொல்லிட்டாங்க. ஆனா கேக்கறதுக்கு முன்னாடியே அவ ரெண்டு எடத்துல விசாரிச்சு, ஒரு எடத்துல எஸ்ஓபிய (ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸ், நான் யாரு, ஏன் இதப் படிக்க வர்றேன்னு யுனிவர்சிட்டிக்கு எழுதற கட்டுரை) எழுதியும் வாங்கிட்டா. அப்புறம் நாங்க ரெண்டு பேரும் சேந்து மத்த வழியெல்லாம் பாத்தோம். ஆகஸ்ட்ல இருந்து டிசம்பர் வரைக்கும் பாத்ததுதான் இது, இந்த வருஷம் அப்ளை பண்றவங்களுக்கு உதவட்டும்னு எழுதறேன்.

ஒண்ண மொதல்ல சொல்லிடறேன், இல்லன்னா எதை எதோட ஒப்பிடறேன்னு புரியாது. எஸ்ஓபில மூணு வேல இருக்கு. உங்ககிட்ட இருக்கற விஷயத்த வெளிய எடுக்கறது ஒண்ணு. அது அந்தத் துறை ஆளுக்கு சரியா படுதான்னு பாக்கறது ஒண்ணு. இங்கிலீஷ சரி பண்றது ஒண்ணு. நம்ம ஊர்ல காசு வாங்கறவங்க முக்காவாசி பேரு விக்கறது மூணாவது வேலைய, பசங்களுக்கு உண்மையிலேயே தேவைப்படறது மொதல் வேல.

ஃப்ரீ கன்சல்டன்சி. எல்லாரும் மொதல்ல போற எடம் இதுதான், ஈரோடு, கோயமுத்தூர், டி நகர் எங்க பாத்தாலும் போர்டு இருக்கும். உங்ககிட்ட காசு வாங்க மாட்டாங்க, ஏன்னா நீங்க போய் சேர்ற யுனிவர்சிட்டி அவங்களுக்கு கமிஷன் குடுக்கும். இதுல ரகசியம் ஒண்ணும் இல்ல, தொழிலே அப்படித்தான் நடக்குது. ஆனா அதோட விளைவ யோசிச்சுக்கோங்க, கமிஷன் குடுக்காத யுனிவர்சிட்டிக்கு உங்க எஸ்ஓபிய உக்காந்து செதுக்க அவங்களுக்கு என்ன காரணம் இருக்கு? அமெரிக்கால நல்ல ஸ்டேட் யுனிவர்சிட்டிங்க பலதும் எம்எஸ் சீட்டுக்கு ஏஜென்ட் வச்சு ஆள் எடுக்கறதில்ல. எங்க பொண்ணுக்கு ஒரு எடத்துல 20 கேள்வி இருக்கற ஃபார்ம் குடுத்தாங்க, ஃபில் பண்ணி அனுப்பினா, நாலு நாள்ல எஸ்ஓபி வந்துடுச்சு. சின்ன வயசுல இருந்தே மெஷின் மேல ஆர்வம்னு ஆரம்பிச்சு, ஒரு டெக்ஸ்டைல் இண்டஸ்ட்ரிக்கு விசிட் போனப்ப இன்ஸ்பயர் ஆனேன்னு நடுவுல எழுதி, உங்க எஸ்டீம்டு யுனிவர்சிட்டின்னு முடிச்சிருந்தாங்க. தறி சத்தத்துல பொறந்து வளந்த பொண்ணு அவ. படிச்சதும் எனக்கு மனசு கஷ்டமா போச்சு. அந்த ஃபார்ம்ல "இண்டஸ்ட்ரியல் விசிட்"னு ஒரு கட்டம் இருந்துச்சு, "உங்க வீட்ல என்ன வேல பண்றாங்க, அதுல நீங்க என்ன பாத்தீங்க"ன்னு ஒரு கட்டம் இல்ல, அவ்ளோதான் நடந்தது.

இன்னொன்னு, "மூணு எல்ஓஆரும் (சார்ங்க குடுக்கற சிபாரிசு லெட்டர்) நாங்களே ட்ராஃப்ட் பண்ணித் தர்றோம், சார்கிட்ட கையெழுத்து மட்டும் வாங்கிக்கோங்க"ம்பாங்க. தயவுசெஞ்சு ஒத்துக்காதீங்க. எஸ்ஓபியும் மூணு லெட்டரும் ஒரே கைல எழுதினா வரிசையா படிக்கற ஆளுக்கு தெரியாம போகாது, அது போக சார் பேர்ல நீங்க பொய் சொல்ற மாதிரி ஆயிடும். கன்சல்டன்சிய எதுக்கு வச்சுக்கலாம்னா ட்ரான்ஸ்கிரிப்ட், பேங்க் பேப்பர், விசா ஃபார்ம், இந்த மாதிரி வேலைக்கு. அதுல அவங்களுக்கு பழக்கம் ஜாஸ்தி, நான் குறை சொல்ல மாட்டேன்.

காசு வாங்கிட்டு எழுதித் தர்றவங்க. எங்ககிட்ட ஒருத்தர் கேட்டது ஒரு எஸ்ஓபிக்கு 4,500 ரூபா, யுனிவர்சிட்டிக்கு ஏத்த மாதிரி மாத்தித்தர ஒவ்வொண்ணுக்கும் 1,000, திருத்தம் ரெண்டு தடவ. அவர் காட்டின சாம்பிள் இங்கிலீஷ் நல்லாவே இருந்துச்சு, ஃப்ரீ எடத்த விட எவ்வளவோ மேல. ஆனா அவரும் கேட்டது ரெஸ்யூமும் 10 கேள்வியும்தான், போன்ல பேசக்கூட இல்ல. இங்க ரெண்டு விஷயம் பிரிச்சுப் பாருங்க, நீங்க எழுதினத திருத்தித் தர்றது வேற, உங்களுக்கு பதிலா எழுதித் தர்றது வேற. அப்ளிகேஷன் கடைசில இதெல்லாம் என்னோட சொந்த வேலைதான்னு உறுதிமொழி குடுக்கச் சொல்ற யுனிவர்சிட்டிங்க நெறைய, பின்னாடி தெரிஞ்சா அட்மிஷன ரத்து பண்ண அவங்களுக்கு உரிமை இருக்கு. அது நடக்காதுன்னே வச்சுக்குவோம், சென்னை கான்சுலேட்ல எஃப்1 (ஸ்டூடண்ட் விசா) இன்டர்வியூல நிக்கறப்ப ஏன் இந்த யுனிவர்சிட்டின்னு கேட்டா ரெண்டே நிமிஷத்துல சொல்லணும், அந்த பதில வேற யாரோ எழுதியிருந்தா வாய்ல எப்படி வரும்?

டாலர்ல மணி கணக்குக்கு வாங்கற வெளிநாட்டு ஆளுங்களும் இருக்காங்க. எம்பிஏவுக்கு கட்டுரைக்கு வெயிட் ஜாஸ்தி, காசும் இருக்குன்னா யோசிங்க. இன்ஜினியரிங் எம்எஸ்க்கு அந்த செலவு வேண்டாங்கறதுதான் என் முடிவு.

இனிமே சீனியர். இதுக்குத்தான் நான் அதிகமா எழுதப் போறேன், ஏன்னா எங்க பொண்ணுக்கு மாற்றம் வந்தது இங்கதான். அவ காலேஜ்ல மூணு வருஷம் சீனியர் ஒரு அக்கா, பவர் எலக்ட்ரானிக்ஸ்ல எம்எஸ் பண்ணிட்டு இருந்தாங்க, லிங்க்ட்இன்ல மெசேஜ் போட்டோம், ஒரு ஞாயித்துக்கெழம 40 நிமிஷம் பேசினாங்க. எஸ்ஓபிய பத்தி மொதல்ல பேசவே இல்ல. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் என்னன்னு கேட்டாங்க, தறி மோட்டார்ல பேரிங் போறத முன்னாடியே கண்டுபிடிக்கறதுன்னு இவ சொன்னா. "உங்க பட்டறைல மோட்டார் போகப்போகுதுன்னு இப்ப எப்படிம்மா தெரியும்?"

"அப்பா சத்தத்த வச்சே சொல்லிருவாரு க்கா. ஒரு வாரம் முன்னாடியே சொல்லிருவாரு."

"அப்ப உன் சென்சார் அப்பாவ விட என்ன அதிகமா கண்டுபிடிச்சுது?"

இவ கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம்தான் முழுசா வெளிய வந்துச்சு. மொதல்ல மோட்டார் மேல வைப்ரேஷன் சென்சார் வச்சிருக்கா, வேலைக்கே ஆகல, தறி நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல நாடாவ (குறுக்கு நூல கொண்டு போற கட்டை) அடிக்குது, அந்த அதிர்வு ஃப்ரேம் முழுக்க பரவி பேரிங்கோட சின்ன அதிர்வ முழுங்கிடுச்சு. ரெண்டு மாசம் அதுலயே போச்சு. கடைசில ப்ராஜெக்ட் கைடு சார் சொல்லி மோட்டார் இழுக்கற கரண்ட்ட அளந்து அதுல மாறுதல் தேடற முறைக்கு மாறியிருக்கா, அதுல பாதி கேஸ்தான் பிடிபட்டுச்சு. இது எதுவுமே அந்த ரெண்டு ஃபார்ம்லயும் இல்ல. தோத்துப்போனத எழுதக்கூடாதுன்னு நெனச்சிருக்கா பாவம். அந்த அக்கா சொன்னது, இதையே எழுது, சென்சார் ஏன் ஒத்துவரலன்னு உனக்கு தெரிஞ்சிருக்கு பாரு அதத்தான் அட்மிஷனுக்கு படிக்கறவங்க தேடுவாங்க, மீதிப் பாதிய பிடிக்க என்ன படிக்கணும்னு எழுதினா அதுவே உன் நோக்கம்.

அடுத்து "ஏன் இந்த யுனிவர்சிட்டி" பாரா. எழுதி வாங்கினதுல எல்லாத்துக்கும் ஒரே பாரா, வேர்ல்டு கிளாஸ் ஃபேக்கல்டி, ஸ்டேட் ஆஃப் தி ஆர்ட் லேப். அந்த அக்கா லிஸ்ட்ட பாத்துட்டு விஸ்கான்சின் மாடிசன்ல வெம்பெக்னு மின் மோட்டாருக்கும் பவர் எலக்ட்ரானிக்ஸுக்குமே ஒரு கூட்டமைப்பு 1981ல இருந்து நடக்குது, கம்பெனிங்க மெம்பரா இருக்காங்க, உன் ப்ராஜெக்ட் அங்க ஒட்டும்னாங்க. நார்த் கரோலினா ஸ்டேட்ல இருக்கற ஃப்ரீடம் சென்டர் மின் கட்டமைப்பு பக்கம் ஜாஸ்தி, அங்க போட்டா வேற கோணத்துல எழுதணும்னாங்க. ஒரு துறைக்குள்ள இருக்கறவங்களுக்கு மட்டுந்தான் இது தெரியும், நானே வேற துறை, எனக்கு தெரியல.

சீனியர்கிட்ட குறையும் இருக்கு. அவங்களுக்கு நேரம் கிடையாது, அக்டோபர்ல மிட்டெர்ம், டிசம்பர் மொத பாதில ஃபைனல்ஸ், உங்க டெட்லைன் டிசம்பர் 1, டிசம்பர் 15னு சரியா அங்கயே வந்து நிக்கும். அதனால செப்டம்பருக்குள்ள கேட்டுடணும். இன்னொரு குறை, சில பேரு தன்னோட எஸ்ஓபிய அனுப்பி இதே மாதிரி எழுதுன்னு விட்டுடுவாங்க, அது மறுபடியும் டெம்ப்ளேட்தான். ஒரு தடவ படிச்சு எப்படி கொண்டு போயிருக்காங்கன்னு பாருங்க, அப்புறம் மூடி வச்சுட்டு எழுதுங்க.

ப்ராஜெக்ட் கைட யாரும் கணக்குலயே சேக்கறதில்ல, அது தப்பு. டெக்னிக்கலா தப்பா எழுதியிருந்தா அவரால ஒரே பார்வைல சொல்ல முடியும், எல்ஓஆரும் அவர்தான் குடுக்கப் போறாரு, எஸ்ஓபிய படிச்சுட்டா லெட்டர்ல எத எழுதணும்னு அவருக்கே தெரியும். காலேஜ் இங்கிலீஷ் மேடம் எங்க பொண்ணுக்கு டென்ஸும் ஆர்டிகிளும் திருத்திக் குடுத்தாங்க, ஒரு பைசா வாங்கல. பர்டூ யுனிவர்சிட்டியோட ஆன்லைன் ரைட்டிங் லேப் ஓவுல்னு இருக்கு, பர்சனல் ஸ்டேட்மென்ட் எப்படி எழுதறதுன்னு அதுலயும் இலவசமாவே படிக்கலாம். மூணாவது வேலைக்கு இந்த ரெண்டும் போதும்.

பிஎச்டிக்கு போறவங்களுக்கு தனியா ஒரு வழி இருக்கு, நம்ம பசங்களுக்கு இது அவ்வளவா தெரியறதில்ல. கம்ப்யூட்டர் சயின்ஸ், எலக்ட்ரிக்கல் பக்கம் சில டிபார்ட்மென்ட்ல அங்க படிக்கற பிஎச்டி ஸ்டூடண்ட்ஸே அப்ளை பண்றவங்களோட ஸ்டேட்மென்ட்ட படிச்சு கருத்து சொல்றாங்க, இலவசமா. எம்ஐடில ஈஈசிஎஸ் (எலக்ட்ரிக்கலும் கம்ப்யூட்டர் சயின்ஸும் சேந்த) டிபார்ட்மென்ட்ல காப்னு ஒரு ப்ரோக்ராம், பெர்க்லி ஈஈசிஎஸ்ல ஒண்ணு, ஸ்டான்ஃபோர்டு சிஎஸ்ல ஒண்ணு, சியாட்டில்ல இருக்கற வாஷிங்டன் யுனிவர்சிட்டி சிஎஸ்ல பாம்ஸ்னு ஒண்ணு. எடம் கம்மி, இந்த மாதிரி சொல்லிக் குடுக்க ஆள் இல்லாதவங்களுக்கு முன்னுரிமை குடுப்பாங்க, டெட்லைனுக்கு ரொம்ப முன்னாடியே மூடிடுவாங்க, அதனால இந்த வருஷம் நடத்தறாங்களான்னு ஆகஸ்ட் கடைசில இருந்தே அந்தந்த டிபார்ட்மென்ட் பக்கத்த பாத்துட்டே இருங்க. முன்னுரிமை எங்களுக்கெல்லாம் வராதுன்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க, குடும்பத்துல மொத தலைமுறையா படிக்கறவங்கன்னா அத தெளிவா எழுதுங்க. சிஎஸ் பசங்களுக்கு இன்னொன்னு, பிஎச்டி அட்மிஷன் வாங்கினவங்க தன் ஸ்டேட்மென்ட்ட பொதுவுல போட்டு வச்சிருக்காங்க, அஞ்சாறு படிச்சாலே ஒண்ணுக்கொண்ணு எவ்ளோ வித்தியாசம்னு புரிஞ்சுடும்.

சென்னைல அண்ணா சாலைல அமெரிக்க கான்சுலேட்ல எஜுகேஷன்யூஎஸ்ஏ சென்டர் இருக்கு, அமெரிக்க அரசோடது, கமிஷன் கிடையாது. உக்காந்து உங்க எஸ்ஓபிய எழுதித் தர மாட்டாங்க, ஆனா எந்த யுனிவர்சிட்டி அங்கீகாரம் உள்ளது, எத்தன எடத்துக்கு போடலாம்னு கேக்கறதுக்கு இத விட நம்பிக்கையான எடம் இல்ல. கன்சல்டன்சிக்கு போறதுக்கு முன்னாடி இங்க ஒரு தடவ பேசிடுங்க.

சாட்ஜிபிடி. எழுதச் சொல்லாதீங்க. எங்க பொண்ணு ஒரு தடவ எழுத வச்சுப் பாத்தா, வந்தது அந்த ஃப்ரீ கன்சல்டன்சி எஸ்ஓபிக்கு கூடப்பொறந்தது மாதிரியே இருந்துச்சு, இங்கிலீஷ் மட்டும் சுத்தம். அதுகிட்ட இந்த லேப்ல எந்த ப்ரொஃபசர் இருக்காங்கன்னும் கேக்காதீங்க, ரிட்டயர் ஆனவங்க பேரு, அந்த எடத்துலயே இல்லாதவங்க பேரெல்லாம் தைரியமா சொல்லும், டிபார்ட்மென்ட் பக்கத்துலதான் பாக்கணும். ஆனா "நீ எதுவும் எழுதாத, என் ப்ராஜெக்ட்ட பத்தி ஒவ்வொரு கேள்வியா கேளு, நான் மேலோட்டமா சொன்னா விடாம மறுபடியும் கேளு"ன்னு சொல்லி உக்காந்தா நல்லா வேல செய்யுது. ராத்திரி ஒரு மணிக்கு வேற யாரு கேப்பாங்க. பதில தமிழ்லயே சொன்னாலும் பரவால்ல, மொதல்ல விஷயம் வெளிய வரட்டும். சீனியரே கிடைக்காதவங்களுக்கு இதத்தான் சொல்வேன். இன்னொரு விஷயம், பெர்க்லி மாதிரி யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா கேம்பஸ்ங்க எஸ்ஓபியோட பர்சனல் ஹிஸ்டரி ஸ்டேட்மென்ட்னு இன்னொன்னும் கேக்கும், மிச்சிகனும் ரெண்டு கேக்கும், பல பேரு எஸ்ஓபியவே சுருக்கி அதுல போட்டுடறாங்க. வீடு, ஊரு, வந்த பாத எல்லாம் எழுத வேண்டிய எடம் அதுதான். எங்க பொண்ணு ஸ்கூல் லீவுல தறிக்கு தார் போட்டது (நாடாவுக்குள்ள வைக்கற குச்சில நூல் சுத்தறது), கரண்ட் கட்டானா கூலி போறது, எல்லாம் அங்கதான் போச்சு.

ஜெர்மனி மட்டும் போடறவங்க எஸ்ஓபிக்கு காசு செலவே பண்ணாதீங்க. மோட்டிவேஷன் லெட்டர் பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு பக்கம், அங்க மொதல்ல பாக்கறது மார்க்கும், உங்க சிலபஸ் அவங்க கேக்கற கிரெடிட்டோட பொருந்துதாங்கறதும். ஏபிஎஸ் (நம்ம சர்ட்டிஃபிகேட்ட சரிபாக்கற ஜெர்மன் அமைப்பு) சர்ட்டிஃபிகேட்டுக்கே 18,000 ரூபா போகுது, யூனி அசிஸ்ட்டுக்கு (அப்ளிகேஷன வாங்கி சரிபாத்து யுனிவர்சிட்டிக்கு அனுப்பற அமைப்பு) மொத அப்ளிகேஷனுக்கு 75 யூரோ, அடுத்தடுத்து 30 யூரோ. மிச்சம் இருக்கற சக்திய சப்ஜெக்ட் வாரியா சிலபஸ எடுத்து வைக்கறதுல போடுங்க.

எங்களுக்கு கடைசில ஆன செலவு, மொதல்ல எழுதி வாங்கினது ஃப்ரீ, அத தூக்கி போட்டாச்சு, 4,500 குடுக்கவே இல்ல. அப்புறம் ஆறு ட்ராஃப்ட், அந்த அக்காகிட்ட ரெண்டு கால், கைடு சார் ஒரு தடவ, இங்கிலீஷ் மேடம் ஒரு தடவ. உங்ககிட்ட காசு இருந்து கட்டாயம் குடுத்தே ஆகணும்னா எழுதறவருக்கு குடுக்காதீங்க, உங்க ட்ராஃப்ட்ட வச்சுகிட்டு ஒரு மணி நேரம் போன்ல கேள்வி கேக்க ஒத்துக்கற எடிட்டருக்கு குடுங்க, பேசாம ஃபார்ம் மட்டும் அனுப்பறவங்கள அங்கயே விட்டுடுங்க.

சீனியருக்கு மெசேஜ் போடறப்ப "அக்கா எஸ்ஓபி ரிவ்யூ பண்றீங்களா"ன்னு மட்டும் போட்டா பதில் வராது. எந்த காலேஜ், என்ன ப்ராஜெக்ட், எங்க எங்க போடறேன், டெட்லைன் எப்போ, இத நாலு வரில எழுதி, உங்க ட்ராஃப்ட்ல எந்த பாரா சரியா வரலன்னு உங்களுக்கே தோணுதோ அத மட்டும் கேளுங்க. எம்பெடட் பக்கம் போடறவங்களா இருந்தா எனக்கே அனுப்பலாம், அது என் துறை, செப்டம்பர் கடைசி வரைக்கும் கண்டிப்பா படிச்சு பதில் போடறேன், அதுக்கு மேல வந்தா வேல நடுவுல சரியா படிக்க முடியாது.