எம்.ஆர்.பி ஆணையா, கான்பான் அட்டையா?

தானியங்கி உற்பத்தி வரிசையில் எதை, எப்போது, எவ்வளவு செய்வது என்பதை முடிவு செய்ய இரண்டு வழிகள் உண்டு. 1964இல் ஜோசப் ஆர்லிக்கி வகுத்த எம்.ஆர்.பி (பொருள் தேவைத் திட்டமிடல்), வரவிருக்கும் தேவையைக் கணித்து, உதிரிபாகப் பட்டியலையும் கையிருப்பையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு நிலையத்துக்கும் முன்கூட்டியே ஆணை தருகிறது. டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ வளர்த்தெடுத்த கான்பானிலோ, அடுத்த நிலையம் எடுத்துக்கொண்ட அளவை மட்டுமே முந்தைய நிலையம் மீண்டும் செய்கிறது; ஒவ்வொரு பாகப் பெட்டியிலும் மாட்டிய அட்டை திரும்பி வருவதே அதற்கான ஆணை.

செலவு: எம்.ஆர்.பிக்கு மென்பொருளும் பிழையற்ற தரவும் வேண்டும்.
கான்பானைத் தொடங்க அட்டையும் பெட்டியும் போதும்.

கையிருப்பு: எம்.ஆர்.பியில் கணிப்பு தவறினால் சரக்கு தேங்கும்.
கான்பானில் அட்டைகளின் எண்ணிக்கையே உச்சவரம்பு.

மணிக்கு 400 பாகங்கள் தேவை, நிரப்பி வர 2 மணி நேரம், பெட்டிக்கு 50 பாகங்கள் என்றால் 16 அட்டைகள் வேண்டும். 10 சதவீதப் பாதுகாப்பு சேர்த்தால் 18. பெட்டியின் முதல் பாகத்தை எடுக்கும்போதே அட்டையைக் கழற்றிப் பலகையில் மாட்டுவது வழக்கம். பெட்டி காலியாகட்டும் என்று காத்திருந்தால் இந்தக் கணக்கு குலைந்துவிடும். தொலைந்த ஓர் அட்டைகூட வரிசையை நிறுத்தக்கூடும்.

தேவை மாறும்போது: கான்பான் தடுமாறும், எம்.ஆர்.பி மறுகணக்கிட்டுச் சமாளிக்கும்.

ஒரே வகைப் பொருளைச் சீராகச் செய்யும் வரிசைக்குக் கான்பானையே பரிந்துரைப்பேன். ஆணைக்கேற்ப வகைவகையாகச் செய்யும் ஆலைக்கும், வந்துசேர மாதக்கணக்காகும் மூலப்பொருளுக்கும் எம்.ஆர்.பிதான் பொருந்தும்.