மாசி வீதிகளில் 50 வருடம் நடந்த அனுபவம்

எங்கள் வீடு மதுரையில் வடக்குமாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. பள்ளிக்கூட நாளிலிருந்து இன்றுவரை, வாரத்துக்கு நான்கைந்து முறையாவது, மீனாட்சி கோயிலைச் சுற்றி ஓடும் மாசி வீதிகள் நான்கையும் சுற்றி வருகிறேன். கிருஷ்ணன் கோயிலில் புறப்பட்டு, கீழமாசி வீதியின் வற்றல் நெடியில் தும்மி, விளக்குத்தூணில் திரும்பி, தெற்குமாசி ஜவுளிக் கடைகளைக் கடந்து, மேலமாசி வழியாக வீடு சேர்வேன். முன்பு நாற்பது நிமிடம் போதும். 65 வயதில், முழங்கால் தேய்ந்த பிறகு, ஒரு மணி நேரத்தைத் தாண்டுகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் சிறுவயதில் திறந்த சாக்கடைதான். ஐப்பசி மழையில் எது தெரு, எது சாக்கடை என்று தெரியாது. இப்போது மூடி போட்டிருக்கிறார்கள். விளக்கு வெளிச்சம் நன்றாக இருக்கிறது. இரவு பத்து மணிக்கு என் மகள் தனியாக நடந்து வருகிறாள். என் அம்மாவுக்கு அது வாய்க்கவில்லை.

மதுரைக் கோட்டையை 1840-களில் இடித்த பிறகு வந்தவை வெளி வீதிகள். மாசி வீதிகள் அதற்கும் மூத்தவை. சித்திரைத் தேர் ஓடித் திரும்ப வேண்டும் என்பதால் இவற்றின் அகலத்தில் யாரும் பெரிதாகக் கைவைக்க முடியவில்லை. கைவைத்தது ஓரங்களில்தான்.

ஓரத்தில் இருந்தவை திண்ணைகள். மேலமாசி வீதியில் 251-ஏ எண்ணுள்ள வீட்டில் காந்தி 1921 செப்டம்பர் 22 அன்று அரையாடைக்கு மாறியபோது என் தாத்தாவுக்குப் பத்து வயது. அந்தக் கால வீதியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ஜட்கா வண்டியையும் குதிரைச் சாண வாடையையும் ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுவார். திண்ணைக்கு வந்தால் நிறுத்தவே மாட்டார். யார் வீட்டுத் திண்ணையிலும் யாரும் உட்காரலாம் என்று அவர் சொன்னதில்லை. சாதி பார்த்துத்தான் உட்காரவிட்டார்கள், அதையும் மறைக்காமல் சொன்னார். தேரோட்டத்துக்கு முதல் நாள் இரவு, கட்டுச்சோற்று மூட்டையைத் தலைக்கு வைத்து, கிராமத்துச் சனம் வரிசையாகப் படுத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் திண்ணையில் பாட்டி ஒரு பானைத் தண்ணீர் வைத்திருப்பாள்.

அந்தத் திண்ணையை 1988-இல் நாங்களே இடித்தோம். அந்த இடத்தில் இரண்டு கடைகள் வந்தன. அந்த வாடகையில்தான் என் மகள்கள் படித்தார்கள். ஆகவே அதைத் தவறென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தூணையும் பட்டியக் கல்லையும் ஒரு வியாபாரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். இதே மேலமாசியில் இருக்கும் மதனகோபால சுவாமி கோயிலின் பழைய மண்டபத் தூண்களை 1912-இல் மதுரைக்கு வந்த ஓர் அமெரிக்கப் பெண்மணி வாங்கிச் சென்றார். அவை பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் பத்திரமாக நிற்கின்றன. எங்கள் கல் எங்கே இருக்கிறதோ!

கால் நன்றாக இருந்தவரை இந்த இழப்பு எனக்கு உறைக்கவில்லை. சென்ற வருடம் தெற்குமாசியில் நடைபாதை முழுக்க இருசக்கர வாகனங்கள் நின்றன. சாலையில் இறங்கினேன், மேடாக நின்ற சாக்கடை மூடியில் கால் இடறி விழுந்தேன். எழுந்த பிறகு உட்கார ஓரிடம் தேடினேன். கண்ணுக்கு எட்டிய வரை ஷட்டர், கண்ணாடிக் கதவு, படிக்கட்டில் கம்பித் தடுப்பு. பருத்திப்பால் விற்பவர்தான் தன் முக்காலியை எடுத்துப் போட்டார். அரை மணி நேரம் அவர் நின்றுகொண்டே வியாபாரம் பார்த்தார்.

முதியவர்களுக்கு என் யோசனை: காலை ஆறரைக்குள் நடந்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் கீழமாசி வேண்டாம், மூட்டை இறக்கும் நேரம். உட்கார்ந்து உட்கார்ந்து நடக்க வேண்டுமென்றால் வாகனம் நுழையாத சித்திரை வீதிகளுக்குப் போங்கள். கல் பாவிய தரை, எதிரே கோபுரம்.

இந்தத் தை மாதம் கடை ஒப்பந்தம் புதுப்பித்தபோது, வாசலில் இரண்டடி இடத்தைக் கேட்டு வாங்கி, ஒரு கல் பலகை போட்டிருக்கிறேன். காலையில் கீரைக்காரம்மா கூடையை இறக்கி வைக்கிறார். மதியம் ஒரு பார்சல் பையன் தூங்குகிறான். சாயங்காலம் சுற்றி முடித்து வரும்போது சில நாள் எனக்கே இடம் இருப்பதில்லை. நின்று பேசிவிட்டு உள்ளே போகிறேன்.