ஈஸ்ட் தின்னாத இனிப்பு: வீட்டில் ரூட் பியர் ஏல்

வேர் மணம் ஏற்றிய நுரைப் பானமான ரூட் பியரை வீட்டில் ஈஸ்ட் போட்டுச் செய்யும்போது வரும் தலைவலிகளில் பாதிக்கு ஒரே காரணம்தான்: நாம் நாக்குக்காகப் போட்ட சீனியை ஈஸ்ட்டும் தின்று வாயு விடுகிறது. பழைய செய்முறைகள் லிட்டருக்கு 100 கிராம் சீனி போட்டு, போத்தல் இறுகியதும் ஐஸ்பெட்டியில் வைக்கச் சொல்லும். குளிர்நாட்டில் அதற்குச் சில நாள் அவகாசம் உண்டு. கோலாலம்பூர் அடுப்படியில் 30, 32 டிகிரி. இன்று காலை மெத்தென்று இருக்கும் போத்தல் நாளைக் காலை கல்லாக நிற்கும். அந்த ஒரு நாளில் வெளியூர் போய்விட்டால் கதை முடிந்தது. ஐஸ்பெட்டி ஈஸ்ட்டைக் கொல்லாது, வேகத்தைக் குறைக்கும், அவ்வளவே.

நீண்ட நாள் புழக்கத்தில் நின்ற முறை வேறு. ஈஸ்ட்டுக்கு அதன் பங்கை அளந்து கொடுத்துவிட்டு, இனிப்பை அது தொடாத பொருள்களில் வைப்பது. லிட்டருக்கு 8 கிராம் சீனி முழுதும் நொதித்தால், ஒரு லிட்டர் பானத்தில் ஏறக்குறைய இரண்டு லிட்டர் வாயு கரையும். ஆல்கஹால் சுமார் 0.5 சதவீதம். கோலா மாதிரிப் பொங்காது, ஏல் என்ற பியர் வகை மாதிரி மென்மையாக நுரைக்கும். சீனி தீர்ந்தால் ஈஸ்ட்டும் ஓய்ந்துவிடும். அந்தப் பங்கை, தென்னை வெல்லமான குலா மலாக்காவாகக் கொடுப்பது நல்லது. இனிப்பு போய்விடும், கருகிய வாசம் மட்டும் தங்கும்.

4 லிட்டருக்கு அளவு இது. தண்ணீரைக் கொஞ்சம் கூடுதலாக வைத்து, தட்டிய இஞ்சி 20 கிராம், ஒரு விரல் பட்டை, அதிமதுரம் 8 கிராம் போட்டு 15 நிமிடம் சிறு தீயில் கொதிக்க விடவும். அடுப்பை அணைத்த பிறகே நன்னாரி வேர் 40 கிராமும் அன்னாசிப்பூ ஒன்றும் போட்டு, மூடி அரை மணி நேரம் வைக்க வேண்டும். நன்னாரியின் மணம் ஆவியோடு போகும் சாதி. கொதிக்க வைத்தால் வீடு மணக்கும், பானம் மணக்காது. வேரைத் தட்டி, நடுவில் இருக்கும் கட்டை நரம்பை எறிந்துவிட்டுத் தோலை மட்டும் எடுங்கள். அன்னாசிப்பூ இரண்டு போட்டால் மறுவாரம் பிரியாணி வாசம் அடிக்கும்.

வடிகட்டிய சூட்டிலேயே குலா மலாக்கா 36 கிராம், எரித்ரிட்டால் 200 கிராம், பானத்துக்கு உடம்பு தரும் மால்டோடெக்ஸ்ட்ரின் மாவு 80 கிராம், சிட்ரிக் அமிலம் 4 கிராம் கரைக்கவும். அமிலம் ருசிக்காக மட்டுமல்ல. சீனி குறைந்த, சூடான இடத்தில் நிற்கும் பானத்தில் கிருமி வளராதிருக்க பிஎச் 4.2க்குக் கீழே இருக்க வேண்டும். அளந்து பார்த்து, தேவையானால் இன்னும் சேர்க்கவும். இந்த ஒரு படியை மட்டும் கண்ணளவுக்கு விடாதீர்கள்.

இனி இனிப்பான்கள். எரித்ரிட்டாலில் சீனியின் மூன்றில் இரண்டு பங்கு இனிப்பு உண்டு, நாக்கில் ஒரு குளுமையும் வரும். எலுமிச்சைப் பானத்தில் அது உறுத்தும். ரூட் பியரில் பொருந்திப்போகிறது. அதை மட்டுமே நம்பினால் அளவு கூடி வயிறு உப்பும். ஆகவே மீதியைச் சுக்ரலோஸிடம் விடலாம். அது சீனியைவிட 600 மடங்கு இனிப்பு, சமையல் தராசில் அளக்க முடியாது. சுத்தமான தூள் 1 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்து, அந்தக் கரைசலில் 20 மில்லி ஊற்றினால் 120 கிராம் சீனிக்குச் சமம். கடைகளில் விற்கும் சிறு பொட்டலங்களில் டெக்ஸ்ட்ரோஸ் கலந்திருக்கும். ஈஸ்ட்டுக்கு அது விருந்து. கடை நன்னாரி சர்பத்தும் அப்படித்தான், பாதிக்கு மேல் சீனிதான். லேக்டோஸ் உடம்பு தருமே தவிர, இனிப்பு சீனியில் ஐந்தில் ஒரு பங்குகூட எட்டாது. நம்மில் பலருக்குப் பால் சர்க்கரை செரிப்பதும் இல்லை. ஸ்டீவியா வேண்டாம். அதன் பின்கசப்பும் அதிமதுரமும் ஒரே திசையில் இழுக்கும்.

ருசி பார்க்கும்போது அறை வெப்பத்தில் கொஞ்சம் திகட்ட வேண்டும். குளிரும் வாயுவும் சேர்ந்தால் இனிப்பு இறங்கும்.

1963 முதல் ஏ அண்ட் டபிள்யூ கடை ரூட் பியரைக் குடித்து வளர்ந்த ஊர் இது. அந்த வாசத்தை எதிர்பார்ப்பவருக்கு நன்னாரி மட்டும் போதாது. 'தைலம் மாதிரி' என்று சிலர் முகம் சுளிக்கும் அந்த மணம் மெத்தில் சாலிசிலேட்டுடையது. அதற்காக விண்டர்கிரீன் எண்ணெயை வாங்கி ஊற்றாதீர்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் 20க்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைக்கு நிகரான சாலிசிலேட் இருக்கிறது. கேக் சாமான் கடையில் விற்கும் ரூட் பியர் எசன்ஸ், புட்டியில் எழுதிய அளவில் பாதி, ஆறிய பிறகு போதும். வெனிலாவும் அப்போதுதான். அமெரிக்கர்களின் பழைய சசாஃப்ராஸ் வேரைத் தேடி அலைய வேண்டியதில்லை. அதிலுள்ள சாஃப்ரோலை அவர்களே 1960ல் உணவில் தடை செய்துவிட்டார்கள்.

30 டிகிரிக்கு ஆறியதும் ஏல் ஈஸ்ட் அரை கிராம். ரொட்டி ஈஸ்ட்டும் வேலை செய்யும், ஆனால் அடியில் இறுகாமல் ஊற்றும்போது கலங்கும். 'சைசன்' வகை ஈஸ்ட் மட்டும் வேண்டாம்; அதில் சில ரகங்கள் மால்டோடெக்ஸ்ட்ரினையும் உடைத்துத் தின்னும், போட்ட கணக்கெல்லாம் பொய்த்துவிடும். வாயுப் பானம் வந்த பிளாஸ்டிக் போத்தலில் மூன்று சென்டிமீட்டர் இடம் விட்டு நிரப்பவும். கண்ணாடியும் வேண்டாம், குடிநீர் போத்தலும் வேண்டாம். நான்கு நாள் வெளியே, இரண்டு நாள் ஐஸ்பெட்டியில். நுரை அழகாக நிற்பதற்கு அதிமதுரம்தான் காரணம். அதே அதிமதுரம் இரத்த அழுத்தத்தை ஏற்றும். அழுத்த மாத்திரை எடுப்பவருக்கு ஊற்றுவதானால் அதை விட்டுவிடுங்கள்.

நன்னாரியும் அதிமதுரமும் பிரிக்பீல்ட்ஸ், பினாங்கு லிட்டில் இந்தியா நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும். முஸ்லிம் நண்பர்களுக்காகச் செய்தால் ஈஸ்ட்டையும் குலா மலாக்கா கணக்கையும் மறந்துவிட்டு, குளிர்ந்த கஷாயத்தைக் கெட்டியாக வைத்து, சோடா மெஷினில் வாயு ஏற்றிய தண்ணீரோடு கலக்கலாம். எந்த வழியில் செய்தாலும் எசன்ஸ் பட்ட மூடிகளைத் தனியே வையுங்கள். எத்தனை முறை கழுவினாலும் அந்த வாசம் அடுத்த பானத்துக்கும் போகும்.