கறிவேப்பிலைச் செடியில் தொடங்கிய மேக்ரோ: மூன்றரை வருட அனுபவம்

"மக்களே, இத என்னன்னு பாரு" என்று அம்மா ஒரு கறிவேப்பிலைக் கொத்தை நீட்டினார். ரசம் தாளிக்கப் பறித்தது. ஓர் இலையின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு மணி ஒட்டியிருந்தது, கடுகைவிடச் சின்னது. வண்ணத்துப்பூச்சியின் முட்டை என்று பிறகுதான் தெரிந்தது. கையில் இருந்தது பழைய கேனன் 700டி கேமரா, அதோடு வந்த 18-55 எம்எம் ஜூம் லென்ஸ். எவ்வளவு கிட்டப் போக முடியுமோ அவ்வளவு போய் எடுத்தேன். கணினியில் திறந்து பார்த்தால் இலை இருக்கிறது, மஞ்சள் புள்ளி இருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை. நாகர்கோவில் பக்கம் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் என் மேக்ரோ, அதாவது சின்னவற்றைப் பெரிதாகப் படமெடுக்கும் வேலை, தொடங்கியது அந்தப் புள்ளியில்தான்.

ஏன் அப்படி ஆனது என்பது ஒரு சின்னக் கணக்கு. அந்த லென்ஸின் அதிகபட்ச உருப்பெருக்கம் 0.36. ஒரு மில்லிமீட்டர் முட்டை, படம் பதியும் சென்சாரில் 0.36 மில்லிமீட்டராகத்தான் விழும். சென்சாரின் அகலம் 22.3 மில்லிமீட்டர், அதில் 5,184 பிக்சல்கள். முட்டைக்குக் கிடைத்தது 84 பிக்சல். உயிருள்ள ஒன்றின் ஓட்டில் என்ன கோலம் இருக்கிறது என்று 84 பிக்சலில் பார்க்க முடியாது. பொருளும் சென்சாரில் விழும் அதன் உருவமும் ஒரே அளவாக இருந்தால் 1:1. மேக்ரோ என்ற பேச்சே அங்கிருந்துதான் ஆரம்பம்.

முதலில் வாங்கியது ரிவர்ஸ் ரிங். சில நூறு ரூபாய்க்குள் முடிந்த விஷயம். லென்ஸைத் தலைகீழாகத் திருப்பிக் கேமராவில் மாட்ட ஒரு வளையம், அவ்வளவுதான். 18-55-ஐ அப்படி மாட்டி 18-இல் வைத்தால் 1:1-ஐ எல்லாம் தாண்டிப் போய்விடும். அந்த முட்டையை மறுபடி பார்த்தபோது அது உருண்டை முத்துப் போல, மேலே லேசான சொரசொரப்போடு இருந்தது. அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆனால் இதில் கஷ்டம் உண்டு. லென்ஸுக்கும் பூச்சிக்கும் இடையே நான்கு, நான்கரை சென்டிமீட்டர்தான் இருக்கும். முட்டை ஓடாது, சிலந்தி ஓடிவிடும். கேமராவுக்கும் லென்ஸுக்கும் மின்தொடர்பு இல்லாததால், லென்ஸுக்குள் வெளிச்சம் வரும் துளையான அபர்ச்சரையும் மாற்ற முடியாது. லென்ஸ் நேராக இருக்கும்போதே எஃப் 8 என்ற துளையளவை வைத்து, துளையை அந்த அளவுக்குச் சுருக்கிக் காட்டும் டெப்த் ஆஃப் ஃபீல்ட் ப்ரிவியூ பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கழற்றினால் அபர்ச்சர் அப்படியே நின்றுவிடும். பிறகு திருப்பி மாட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் இந்த வேலை. இன்னொன்று, லென்ஸின் பின்கண்ணாடி வெளியே திறந்து கிடக்கும். தூசியும் மகரந்தமும் நேராக அதில்தான் விழும்.

அடுத்தது எக்ஸ்டென்ஷன் ட்யூப். 13, 21, 31 மில்லிமீட்டர் என்று மூன்று வளையங்கள், உள்ளே கண்ணாடி எதுவும் கிடையாது. லென்ஸைச் சென்சாரிலிருந்து தள்ளி வைப்பது மட்டுமே அதன் வேலை. ட்யூபின் நீளத்தை லென்ஸின் குவியத்தூரத்தால் (அதன் பெயரில் வரும் எம்எம் எண்) வகுத்தால் கூடுதலாகக் கிடைக்கும் உருப்பெருக்கம் வந்துவிடும். 50 எம்எம் லென்ஸோடு மூன்றையும் சேர்த்து மாட்டினால் 65-ஐ 50-ஆல் வகுத்து 1.3, லென்ஸுக்குச் சொந்தமான 0.21-ஐயும் கூட்டினால் ஒன்றரை மடங்கு. மின்தொடர்பு உள்ள ட்யூபாகப் பார்த்து வாங்குங்கள், அபர்ச்சர் தொல்லை இருக்காது. நான் முதலில் வாங்கியது பெயர் தெரியாத மலிவுச் செட். எட்டாவது மாதம் அதன் பூட்டு தேய்ந்து, வாழைமட்டையில் உட்கார்ந்திருந்த ஒரு வண்டைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தபோது 50 எம்எம் லென்ஸ் கழன்று தரையில் விழுந்தது. ஈரமண்ணாக இருந்ததால் பிழைத்தது. உலோக மவுண்ட் உள்ளதுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது நியாயம்தான்.

என் பையில் அதிக நாள் நிலைத்த பொருள் ரேனாக்ஸ் டிசிஆர்-250. லென்ஸின் முன்னால் கிளிப் போலக் கவ்விக்கொள்ளும் ஒரு க்ளோஸ்-அப் கண்ணாடி, சக்தி +8 டயாப்டர். அதாவது அதன் குவியத்தூரம் 125 மில்லிமீட்டர். 55-250 லென்ஸில் மாட்டி ஃபோகஸை இன்ஃபினிட்டியில் வைத்தால், 250-இல் இரண்டு மடங்கு, 125-இல் சரியாக 1:1. ஜூமைத் திருகினால் உருப்பெருக்கம் மாறும், பூச்சிக்கும் லென்ஸுக்குமான தூரம் மட்டும் ஏறத்தாழ 12 சென்டிமீட்டராகவே நிற்கும். ட்யூப் போல வெளிச்சத்தை விழுங்குவதும் இல்லை. ஓரங்களில் கூர்மை குறையும், உண்மைதான். பூச்சியின் கண் நடுவில் இருக்கும்போது ஓரத்தைப் பற்றி நான் கவலைப்பட்டதில்லை. புதிதாக வருபவர், கையில் 55-250 போல ஒரு டெலி ஜூம் இருந்தால், நேரே இதற்கே போகலாம் என்பது என் கருத்து.

சரி, இவ்வளவு வாங்கியும் முதல் வருடப் படங்கள் எனக்குப் பிடிக்கவில்லை. காரணம் லென்ஸ் இல்லை, வெளிச்சம். 1:1-இல், எஃப் 8-இல் தெளிவாகத் தெரியும் ஆழம் அரை மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். ஒரு ஈயின் கண் தெளிவாக இருந்தால் இறக்கை மங்கிவிடும். அபர்ச்சரைச் சுருக்கினால் படம் இருண்டுவிடும், ஷட்டர் வேகத்தைக் குறைத்தால் கை நடுக்கம் தெரியும், சென்சாரின் ஒளியுணர்வான ஐஎஸ்ஓவை ஏற்றினால் படம் முழுக்கக் குருணை. இதிலிருந்து வெளியே வர ஒரே வழி ஃப்ளாஷ். கேமராவின் சொந்த ஃப்ளாஷை நேராக அடித்தேன். பொன்வண்டின் முதுகில் நிறமே இல்லை, வெளுத்துப்போன ஒரு வெள்ளைப் பொட்டு.

ஃப்ளாஷ் வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூசர் செய்தபிறகுதான் எல்லாம் மாறியது. ஒரு சிப்ஸ் டின்னை நீளவாக்கில் வெட்டி, உள்பக்க வெள்ளி மினுக்கை அப்படியே விட்டு, வாயில் இரண்டு அடுக்கு ட்ரேசிங் பேப்பர் ஒட்டி, ஃப்ளாஷின் தலையிலிருந்து லென்ஸின் மூக்கு வரை வளைத்து இறக்கினேன். விதி ஒன்றுதான்: ஒளி வரும் பரப்பு பூச்சியைவிடப் பெரியதாகவும் பூச்சிக்கு முடிந்தவரை பக்கத்திலும் இருக்க வேண்டும். அதே பொன்வண்டு, அதே இலை. இந்தத் தடவை முதுகில் பச்சையும் பொன்னும் ஒன்றோடொன்று கலக்கும் இடம்வரை தெரிந்தது. இன்றுவரை மாறாத என் அமைப்பு: மேனுவல், ஷட்டர் 1/200, எஃப் 11, ஐஎஸ்ஓ 200, ஃப்ளாஷ் 1/16. குறைந்த சக்தியில் ஃப்ளாஷ் எரிவது நொடியில் சில ஆயிரத்தில் ஒரு பங்குதான். காற்றில் ஆடும் இலையைக்கூட அது நிறுத்திவிடும். ட்ரைபாட் வாங்கியதை இரண்டு மாதத்தில் பரணில் ஏற்றிவிட்டேன்.

கைப்பழக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுங்கள். உருப்பெருக்கத்தை முடிவு செய்துவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் மெதுவாகச் சாய்த்து, கண் தெளிவாகும் கணத்தில் அழுத்த வேண்டும். இடது கையின் இரண்டு விரல்களால் குச்சியைப் பிடித்து, அதே கையின்மேல் லென்ஸைச் சாய்த்துக்கொண்டால் பூச்சியும் கேமராவும் ஒன்றாகவே ஆடும். இதைக் கற்க எனக்கு ஒரு வருடம் ஆனது. ஆனாலும் நாற்பது எடுத்தால் இரண்டு தேறும், அதுவே நல்ல நாள். பல படங்களை அடுக்கி ஒன்றாக்கும் ஸ்டாக்கிங் பின்னால் வரட்டும், அசையாத முட்டைக்கும் கூட்டுப்புழுவுக்கும் அது நல்லது.

கருவியைவிட எனக்குக் கிடைத்த பெரிய விஷயம் ஒரே செடிக்குத் திரும்பத் திரும்பப் போகும் பழக்கம். விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் போனால் பூச்சிகள் குளிரில் அசையாமல் இருக்கும், தட்டானின் கண்ணில் பனித்துளி நிற்கும். மாமரத்தில் முசுறு கூடு கட்டியிருந்தது. ஒரு நாள் அந்த எறும்புகளில் ஒன்றைப் படம் எடுத்து, வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தேன். எறும்புக்கு முகத்தின் முன்னால் ஹெட்லைட் போல இரண்டு பெரிய கண்கள் ஏன்? கால்களை எண்ணினேன், எட்டு. முன்கால் இரண்டையும் உணர்கொம்பு போலத் தூக்கிப் பிடித்து, முசுறு போலவே நடக்கும் தாவும் சிலந்தி அது. வருடக்கணக்காக அந்த மரத்தடியில் மாங்காய் பொறுக்கியிருக்கிறேன், ஒரு தடவைகூட அதைக் கண்டதில்லை. ஓடிப்போய் அம்மாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து கால்களைத் தானும் ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.

பூச்சியை ஃப்ரிட்ஜில் வைத்து மந்தமாக்கி எடுப்பவர்கள் உண்டு. நான் செய்வதில்லை, செய்யாதீர்கள் என்றுதான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். அதன் வீட்டுக்கு நாம் போயிருக்கிறோம். படம் வராவிட்டால் போகட்டும்.

பராமரிப்பில் ஓர் அடி வாங்கினேன். எங்கள் ஊருக்கு இரண்டு பருவமழையும் உண்டு. இரண்டாம் வருடம் ஐப்பசியில் பையோடு அலமாரியில் மூடி வைத்த 55-250-இன் உள்ளே சிலந்திவலை போலப் பூஞ்சை படர்ந்துவிட்டது. கொடுத்த இடத்தில் சுத்தம் செய்தார்கள், ஆனால் பழைய தெளிவு வரவில்லை. இப்போது காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிகா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானி. ஜெல் நிறம் மாறினால் வாணலியில் போட்டு இளம்சூட்டில் வறுத்துத் திரும்ப வைக்கிறேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய காரியம்.

மூன்றாம் வருடம் பழைய 100 எம்எம் மேக்ரோ லென்ஸ் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினேன். 1:1-இல் சுமார் 15 சென்டிமீட்டர் இடைவெளி, ஓரம்வரை கூர்மை, மாட்டிக் கழற்றும் வேலை இல்லை. நல்ல லென்ஸ். ஆனால் இதையும் என் ரேனாக்ஸ் படங்களையும் கலந்து வைத்தால் எது எதில் எடுத்தது என்று என்னாலேயே பல நேரம் சொல்ல முடிவதில்லை. இரண்டிலும் இருப்பது அதே சிப்ஸ் டின் வெளிச்சம்.

ஒன்று மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. முட்டை பொரிவதற்கு முன் மஞ்சள் மங்கிக் கறுத்து, உள்ளே புழுவின் தலை ஓட்டின் வழியாகவே தெரியும். பிறகு புழு ஓட்டைக் கடித்து வெளியே வந்து, அந்த ஓட்டையே முதல் உணவாகத் தின்னும். ஏழு தடவை காத்திருந்து ஏழு தடவையும் தவறவிட்டேன். ஒவ்வொரு முறையும் காலையில் இலையில் பறவை எச்சம் போல ஒரு குட்டிப் புழு மட்டுமே இருக்கும். இந்த வாரம் செடியில் மூன்று முட்டைகள். அம்மா அந்தக் கொத்தில் கை வைப்பதில்லை, ரசத்துக்குப் பக்கத்து வீட்டுச் செடியில் பறிக்கிறார். நடு முட்டை இன்று மாலை கறுக்கத் தொடங்கிவிட்டது. பேட்டரி சார்ஜில் இருக்கிறது, ட்ரேசிங் பேப்பரைப் புதிதாக ஒட்டியாயிற்று, மூன்று மணிக்கு அலாரம்.