ஆட்டம் பேச எது நல்ல இடம்: பெங்களூர் பிரூவரியா, கோவை பேக்கரியா?

மாதத்துக்கு இரண்டு ஞாயிறு கோவை பீளமேட்டில் ஒரு பேக்கரி. வருஷத்துக்கு இரண்டு முறை பெங்களூரில் ஒரு பிரூவரி, அதாவது பீரை அங்கேயே காய்ச்சித் தரும் கடை. பத்து வருஷமாக நாங்கள் நான்கு பேர் ஆட்டம் பேசுவது இந்த இரண்டு இடங்களில்தான். ஆட்டத்தைப் பற்றி மட்டுமல்ல, அதை டிவியிலும் யூடியூபிலும் நமக்குச் சொல்கிறவர்களைப் பற்றியும்தான். எங்களில் மூத்தவர் சோமனூரில் தறி வைத்திருக்கும் அண்ணன். இன்னொருவனுக்கு வேலை பெங்களூரில். அவன் பிரூவரி கட்சி. "பேக்கரில நின்னுக்கிட்டு எவ்ளோ நேரம்டா பேசுவீங்க? இங்க வாங்க, உக்காந்து பேசலாம்" என்பான். இரண்டு இடத்தையும் நன்றாகப் பார்த்தவன் நான். என் கணக்கு இது.

முதலில் கிளாஸில் இருப்பது. இதில் பிரூவரி பக்கம் உண்மையான பெருமை இருக்கிறது. அங்கேயே காய்ச்சி, குழாயிலிருந்து நேராகப் பிடித்துத் தருகிறார்கள். கோதுமை பீர் வடிகட்டாமல் மங்கலாக, மோர் தண்ணி மாதிரி வரும். வாய்க்குக் கிட்டே கொண்டு போனால் வாழைப்பழ வாசம். பழம் எதுவும் போடுவதில்லை, அந்த வாசம் முழுக்க ஈஸ்ட் தருவது. ஐபிஏ என்ற வகை பீரில் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பு தூக்கலாக இருக்கும். சோமனூர் அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு, "வேப்பங்கொழுந்தை மென்ன மாதிரி இருக்குதுங்க, ஆனா நல்லா இருக்குது" என்றார். ஒரு கிளாஸை ஒரு மணி நேரம் வைத்துக் குடிக்கலாம்; பேச்சும் அந்த வேகத்துக்கு நிதானமாகும். பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும். சுவையில் போட்டியே இல்லை. விலையிலும் போட்டி இல்லை: அங்கே ஒரு கிளாஸுக்குக் கொடுக்கும் காசில் இங்கே நாலு பேரும் பலமுறை டீ குடித்து பப்ஸும் சாப்பிடலாம். போய்வர ரயில் செலவு தனி. குடிக்கிற நாளில் வண்டியை எடுப்பதில்லை என்பதில் நாங்கள் கறார்.

அப்புறம் திரை. பிரூவரியில் சுவருக்குச் சுவர் பெரிய திரை, ஆனால் சத்தம் இருக்காது. ஆட்டம் ஊமையாக ஓடும், மேலே பாட்டு ஓடும். எனக்கு இதுதான் பெரிய குறை. வர்ணனை இல்லையென்றால் நாங்கள் பேச வந்ததில் பாதி போய்விடுகிறது.

பேக்கரியில் கல்லாவுக்கு மேலே சின்ன டிவிதான். ஆனால் தமிழ் வர்ணனை காதில் விழும். ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் சேனல் 2017இல் வந்ததிலிருந்து அங்கே ஒரே விவாதம். அண்ணன் வானொலியில் அப்துல் ஜப்பாரின் கிரிக்கெட் வர்ணனையைக் கேட்டு வளர்ந்தவர். வானொலியில் பார்க்க எதுவும் இல்லை. அதனால் பந்து எங்கே விழுந்தது, ஃபீல்டர் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் ஓடுகிறார் எல்லாவற்றையும் சொல்லியே ஆக வேண்டும். "கண்ணை மூடிட்டா கிரவுண்டு தெரியுமுங்க" என்பார். டிவி வர்ணனையில் படமே காட்டிவிடுவதால் நடுவில் அரட்டை நிறைந்துவிடுகிறது என்பது அவர் வருத்தம். நான் அவர் பக்கம்தான். ஆனால் எங்கள் பம்பு கம்பெனி நண்பன் விடமாட்டான். அஸ்வின் யூடியூபில் உட்கார்ந்து, ஒரு பந்தை ஏன் அந்த இடத்தில் போட வேண்டும் என்று தமிழில் விளக்குவது வானொலி காலத்தில் கிடைத்ததா என்று கேட்பான். டெஸ்டில் 537 விக்கெட் எடுத்த ஆள் நம் மொழியில் நேராகச் சொல்வது பெரிய விஷயம், அதை அண்ணனும் மறுப்பதில்லை.

ஒரு சின்ன விஷயம். மொபைலில் ஓடும் ஸ்ட்ரீம் டிவியைவிடச் சில நொடிகள் பின்தங்கியே வரும். படத்தைத் துண்டு துண்டாக்கி அனுப்பிச் சேர்த்து வைத்துக் காட்டுவதால் அப்படி. பிரூவரியில் ஆளுக்கொரு மொபைல் வைத்திருந்தால் ஒரே விக்கெட்டுக்கு மூன்று முறை கத்துகிறார்கள். பேக்கரியில் ஒரே டிவி, ஒரே கத்தல்.

பிரூவரிக்கு நான் மனசார மார்க் போடுவது வேறு இடத்தில். இங்கிலீஷ் பிரீமியர் லீக் ஆட்டமோ ஃபார்முலா ஒன் ரேஸோ பேக்கரி டிவியில் வர வாய்ப்பில்லை. பிரூவரியில் அதற்கென்றே கூட்டம் வருகிறது. ஒரு முறை பக்கத்து மேசைக்காரர்கள் நாங்கள் கோவை என்றதும் எங்கள் ஊர் ஃபார்முலா ஒன் டிரைவர் நரேன் கார்த்திகேயனைப் பற்றிக் கேட்டார்கள். 2005 அமெரிக்க கிராண்ட் பிரியில் டயர் பிரச்சினையால் 14 கார்கள் விலக, ஓடிய ஆறில் அவர் நாலாவதாக வந்தார். அதிலிருந்து பேச்சு எங்கள் ஊர்ப் பக்கத்து ரேஸ் தடமான செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே வரை போய், அவர்கள் எங்கள் மேசைக்கே வந்துவிட்டார்கள். முன்பின் தெரியாதவர்களோடு ஆட்டம் பேசுகிற சுகம் அங்கே அதிகம்.

ஆனால் நம் ஊர் ஆட்டம் என்று வந்தால் பேக்கரிதான். 2021 ஜனவரி 15, பிரிஸ்பேன் டெஸ்ட். நம் நேரப்படி காலை ஐந்தரைக்கு ஆட்டம். சின்னப்பம்பட்டி நடராஜனுக்கு முதல் டெஸ்ட். பனியில் மப்ளர் கட்டிக்கொண்டு, பால்காரர், பேப்பர் போடும் பையன் எல்லாரோடும் நின்று பார்த்தோம். ஆஸ்திரேலியாவின் வேடும், சதம் அடித்த லபுஷேனும் அவர் பந்தில் அவுட். டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

2019 மார்ச் 9 இன்னும் நெருக்கம். ஐ-லீக் கால்பந்தின் கடைசி ஆட்டம். அணி பெயரில் சென்னை சிட்டி, சொந்த மைதானம் நம் நேரு ஸ்டேடியம். பட்டியலில் ஈஸ்ட் பெங்கால் அணியைவிட ஒரே ஒரு புள்ளி முன்னால். எதிரணி மினர்வா முதலில் கோல் போட்டுவிட்டது. நம் அணியின் மான்சி பெனால்டியில் சமன் செய்தார், கௌரவ் போரா இரண்டு போட்டார், 3-1. ஐ-லீக் கோப்பை கோவையில் வாங்கப்பட்டது. அந்த சீசனில் எல்லா ஐ-லீக் ஆட்டங்களும் டிவியில் வரவில்லை. அணியும் இன்று அந்த லீக்கில் இல்லை. பெங்களூரில் இதை எடுத்தால் முதலில் அணி எது என்று விளக்க வேண்டியிருக்கிறது. பேக்கரியில் அந்த வேலை இல்லை.

அதனால் ஆட்டம் பார்க்க, புது ஆட்களோடு பேச, வருஷத்துக்கு இரண்டு முறை பெங்களூர். பேச மட்டும் என்றால் என் ஓட்டு பீளமேட்டுக்கு. போன ஞாயிறு அதைச் சொன்னதும் பெங்களூர்க்காரன் போனில் சண்டைக்கு வந்தான். அண்ணன் போனை வாங்கி, "சரிப்பா, அந்த மான்சி பெனால்டி எந்தப் பக்கம் போச்சு, சொல்லு" என்றார். அவன் இடது என்றான், அண்ணன் வலது என்றார். கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கும் வரை அது முடியவில்லை.